பாலைவன நடைக்குத் தண்ணீர்க் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறைக்கு ஆஸ்திரேலியாவின் லாராபின்டா பாதையில் நடக்க நினைக்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கி மவுண்ட் சோண்டர் வரை, 12 பகுதிகளாக, 220 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாதை இது. அங்கே குளிர்காலமான மே முதல் ஆகஸ்ட் வரைதான் ஏற்ற காலம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்; அப்போது போகவே கூடாது.

தண்ணீர்தான் முதல் கணக்கு. குளிர்காலத்திலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு, சமையல் உட்பட, 4 முதல் 5 லிட்டர் வேண்டும். வழியில் தொட்டிகள் உண்டு. ஆனால் சில இடங்களில் அடுத்த தொட்டி இரண்டு நாள் நடைத் தூரம். ஒரே பையில் எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள், முள் குத்திக் கிழிந்தால் அத்தனையும் மண்ணுக்குப் போகும். வெறும் தண்ணீராகவே நிறையக் குடித்தால் உடலில் உப்பு குறைந்து தலைசுற்றலாம். உப்புக்கரைசல் பொட்டலம் அவசியம்.

வறண்ட ஆற்று மணல் மெத்தென்றிருக்கும், ஆனாலும் அங்கே கூடாரம் போடாதீர்கள். குளிர்காற்று பள்ளத்தில்தான் தேங்கும். எங்கோ பெய்த மழை வெள்ளமாகவும் வரும். அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள். கூர்மையான குவார்ட்சைட் கற்கள் பழைய காலணியின் அடியைப் பெயர்த்துவிடும். பாதையின் பெரும்பகுதியில் கைப்பேசி சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் அவசரக் கருவி இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்