ஹெல்சிங்கியில் பெற்றோர் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்வரும் பெற்றோருக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை, ஹெல்சிங்கியில் மகள் வீட்டில் இருந்தபடி படித்தேன். வட ஐரோப்பிய ஊர்களில் மொழி தெரியாத வயதானவர்கள் தனியாக வெளியே கிளம்ப வேண்டாம், பிள்ளைகளின் விடுமுறைக்குக் காத்திருப்பதே நல்லது என்று அதில் எழுதியிருந்தார்கள். மற்ற ஊர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. ஹெல்சிங்கியைப் பொறுத்தவரை அது சரியல்ல. எனக்கு 66 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பின்லாந்து மொழியில் நன்றி சொல்ல மட்டும்தான் தெரியும். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு, பேத்தியைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக்கொண்டு நான்தான் ஊரைச் சுற்றுகிறேன்.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தானே நம்மில் பாதிப்பேர் விமானம் ஏறுகிறோம்! அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தியே கட்டுரையில் இல்லை. ஏழு வயது நிரம்பாத குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப்போகிறவருக்கு இங்கே பஸ், டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் எதிலும் டிக்கெட் கிடையாது. பெற்ற தாயாக இருக்க வேண்டும் என்பதில்லை, பாட்டியும் தாத்தாவும் போகலாம். பஸ்ஸில் நடுக் கதவு வழியாக வண்டியை ஏற்றி, அதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றால் போதும். குழந்தையை விட்டுவிட்டு முன்னால் ஓட்டுநரிடம் போக வேண்டியதில்லை. இறங்கும்போது தள்ளுவண்டிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால், நடுக் கதவில் வண்டி இறங்கப்போகிறது என்று ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும்.

குழந்தை இல்லாமல் தனியாகப் போனால் டிக்கெட் கட்டாயம். ஓட்டுநர் டிக்கெட் விற்பதில்லை. கைபேசிச் செயலியிலோ சில நிறுத்தங்களில் உள்ள இயந்திரத்திலோ ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மெட்ரோவில் தடுப்புக் கதவு எதுவும் இருக்காது, நேராக உள்ளே போய்விடலாம். அதைப் பார்த்து யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது, பரிசோதகர்கள் வருவார்கள். நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் ஏ, பி, சி, டி என்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஊருக்குள் சுற்ற ஏபி டிக்கெட் போதும். ஒருமுறை வாங்கினால் 80 நிமிடம் செல்லும், அதற்குள் டிராமிலிருந்து மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் மாறிக்கொள்ளலாம். விமான நிலையம் சி மண்டலத்தில் இருப்பதால் அங்கிருந்து வர ஏபிசி வேண்டும். 2015இல் திறந்த வளையப் பாதையில் ஐ (I), பி (P) என்று இரண்டு ரயில்கள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. எதில் ஏறினாலும் சுமார் அரை மணி நேரத்தில் நகரின் மத்திய ரயில் நிலையத்துக்கு வந்துவிடலாம்.

பெயர்ப்பலகை எல்லாம் இரண்டு மொழியில் இருப்பது புதிதாக வருபவரைக் குழப்பும். மெட்ரோவில் ரௌத்தாத்தியென்தோரி என்பதும் யேர்ன்வேக்ஸ்தோரியெட் என்பதும் ஒரே நிலையம்தான். முன்னது பின்னிஷ், பின்னது ஸ்வீடிஷ். பின்னிஷ் பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். வண்டிக்குள் அடுத்த நிறுத்தத்தின் பெயர் திரையில் வரும், ஆங்கில எழுத்துத் தெரிந்தவர் கூட்டிப் படித்துவிடலாம்.

டிராமுக்குக் காத்திருப்பதுபோல் பஸ்ஸுக்கும் சும்மா நின்றால் அது போய்க்கொண்டே இருக்கும், கை காட்ட வேண்டும். குளிர்காலத்தில் இது இன்னும் முக்கியம். டிசம்பர் நடுவில் சூரியன் இருப்பது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு, மூன்றேகால் மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும் ஆளை ஓட்டுநர் எப்படிப் பார்ப்பார்? அதனால் இங்கே பெரியவர், சிறியவர் எல்லோர் கோட்டிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லை ஒன்று தொங்கும். இருட்டில் நடப்பவர் அதை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நடைபாதைப் பனி உறைந்து கண்ணாடியாகிவிடும் நாட்களில் ஜல்லிப்பொடி தூவுவார்கள். அதை மட்டும் நம்பாமல், செருப்புக்கடியில் மாட்டும் முள்பட்டை ஒன்றை வந்த வாரமே பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். கடைக்குள் நுழையும்போது முள்பட்டையைக் கழற்றிவிட வேண்டும், பளிங்குத் தரையில் அதுவே வழுக்கும்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். நாங்கள் இருக்கும் கல்லியோ பகுதியிலிருந்து 3ஆம் எண் டிராமில் ரயில் நிலையம் போவோம். கட்டடக் கலைஞர் எலியல் சாரினென் வடிவமைத்து 1919இல் திறந்த நிலையம் அது. வாசலின் இருபுறமும் விளக்கு உருண்டைகளை ஏந்தி நிற்கும் நான்கு கல் மனிதர்களையும் பேத்திக்குக் காட்டாமல் நகர முடியாது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில், நாடாளுமன்றத்துக்கு எதிரே, 2018 டிசம்பரில் திறந்த 'ஓடி' நூலகம். என்னைப்போன்றவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. உள்ளே கதகதப்பாக இருக்கும், லிப்ட் உண்டு, கழிப்பறைக்குக் காசு இல்லை, மேல்மாடியில் குழந்தைகள் தவழ இடம் இருக்கிறது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எதுவும் வாங்கச் சொல்லி யாரும் வருவதில்லை.

கௌப்பத்தோரி சந்தைத் துறையிலிருந்து சுவோமென்லின்னா தீவுக் கோட்டைக்குப் படகு உண்டு. ஏபி டிக்கெட்டே அதற்கும் செல்லும், தள்ளுவண்டியோடு போனால் அதுவும் வேண்டாம். கால் மணி நேரப் பயணம், குளிர்காலத்திலும் நிற்பதில்லை. ஸ்வீடன் ஆட்சியில் 1748இல் கட்டத் தொடங்கிய கோட்டை. 1991இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இப்போதும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் மூட்டுவலிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாதைகள் பெரும்பாலும் உருளைக்கல் பாவியவை, ஏற்ற இறக்கமும் உண்டு. வண்டிச் சக்கரம் குதித்துக்கொண்டே வரும். வெயில் காலத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பகல் முழுவதும் நான்கு சுவருக்குள் இருந்து, திரும்பிப்போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோரை இங்கேயே பார்த்திருக்கிறேன். அவர்களைப் பயமுறுத்தித் தங்கள் கட்டுரை இன்னும் உள்ளே தள்ளுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடுத்த முறை எழுதும்போது பயண விதிகளைப் போடுங்கள். நிறுத்தங்களின் பெயர்களையும் தமிழ் எழுத்தில் அச்சிடுங்கள்: ரௌத்தாத்தியென்தோரி, கௌப்பத்தோரி, ஹக்கனியெமி. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களும் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் வாசித்துக் காட்டி வழி கேட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கல்லியோ, ஹெல்சிங்கி.