ஐந்தாவது குருவி

கருங்கல்,
ஞாயிறு மதியம்.

அன்பு மக்களே,

போனில் பேசினால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

வியாழக்கிழமை ராத்திரி நீ சொன்னது இன்னும் காதுக்குள்ளேயே கிடக்கிறது. வேலை போய் நாலு மாசம் ஆச்சு, நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்னு இப்பதான் தெரியுது, கிறிஸ்மஸுக்கு வரல, வந்தா எல்லாரும் கேப்பாங்க. அப்பா பக்கத்தில்தான் இருந்தார். போனை வைத்ததும் ஒன்றும் பேசாமல் தொழுவத்துக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அரை மணி நேரம் முன்புதான் காட்டியிருந்தார்.

நாலு மாதம் மறைத்துவிட்டானே என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம், இது மறைக்க வேண்டிய காரியம் என்று உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று யோசித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு பழைய கதை.

நான் வீட்டில் ஐந்தாவது பெண் என்பது உனக்குத் தெரியும். ‘ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி’ என்று என்னைப் பார்க்க வந்தவர்கள் பாட்டியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்களாம். ‘ஐந்தாம் பெண் கெஞ்சினாலும் கிடைக்காது’ என்றும் ஒரு பழமொழி உண்டு. அதை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஓய்வுநாள் பள்ளியில் ஒருநாள் அடைக்கலான் குருவி பாடம். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்கில் நான் கெட்டிக்காரி, சும்மா இருப்பேனா? “இரண்டு காசுக்கு நாலுதானே சார் வரும்?” என்று கேட்டேன். “அஞ்சாவது கொசுறு, பிள்ளே. மொத்தமா வாங்கினா ஒண்ணு சும்மா போடுவான்” என்றார் சார். பின்னாலிருந்து ஒரு பையன், “அஞ்சாவது இவதான் சார்” என்றான். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வசனத்தின் பின்பாதி எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது. அது நான் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையில், வேலை பார்த்த காலத்தில்.

நான் அண்டி தல்ல, கொட்டை உடைக்க, போனது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. உனக்கு நாலு வயது. வறுத்த அண்டியை மரக்கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினால் ஓடு பிளக்க வேண்டும், பருப்பு உடையக் கூடாது. ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் கையைப் பொள்ளும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்வோம். ஆனாலும் மாசம் ஒன்று ஆவதற்குள் விரல் பத்தும் கரிக்கட்டை. சாயங்காலம் மேஸ்திரி தராசோடு வருவார். முழுப்பருப்புக்கு ஒரு கூலி, நுறுக்குக்கு ஒரு கூலி. பவுண்டுக்கு 180 பருப்பு நின்றால் பெரிய விலை, 320 நின்றால் அதற்குக் கீழே. ஒருநாள் உனக்குக் காய்ச்சல். ராத்திரி முழுக்கத் தூங்காமல் போய் உட்கார்ந்தேன், பாதிக்கு மேல் நுறுங்கிவிட்டது. மேஸ்திரி தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “உனக்கு இன்னைக்கு விலையே இல்ல” என்றார். பருப்பைத்தான் சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

அந்த வாரம் ஆலயத்தில் திருவிருந்து. போகிறதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போனேன். முழங்கால்படியிட்டு, வலது கையை இடது கைமேல் வைத்து, விரல் தெரியாதபடி மடக்கிக்கொண்டேன். எனக்கு இந்தப் பக்கம் பேங்கில் வேலை பார்க்கிற ஒரு அக்கா, அந்தப் பக்கம் டீச்சர். அப்போது சபைப் போதகராக இருந்த வயசான ஐயர் வரிசையாக அப்பத்தை வைத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, நான் கையை விரிக்கிற வரைக்கும் நின்றார், அவ்வளவுதான். விரித்தேன். கறுத்த கையில் வெள்ளை அப்பம். பேங்க் அக்காவுக்கு வைத்த அதே அளவு துண்டு.

அப்போதுதான் அந்தப் பின்பாதி ஞாபகம் வந்தது: ‘அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை.’ கவனி, குருவிக்கு விலை ஏறியதாக அதில் இல்லை. ஐந்தாவது குருவி கடைசி வரைக்கும் கொசுறுதான். சந்தைக்காரனும் மாறவில்லை. ஆனால் அது மறக்கப்படவில்லை. பிரசங்கம் பண்ணுகிறவர்கள் அடுத்த வசனத்துக்குத் தாவி, குருவிகளைவிட நீங்கள் விசேஷித்தவர்கள் என்று சத்தமாகச் சொல்வார்கள். அதுவும் நல்ல வசனம்தான். எனக்கு இது போதும்.

நீ வேலை பார்த்த இடத்திலும் ஏதோ ரேட்டிங் போடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாய். ஏசி ரூமில் வைத்த அண்டித் தராசு அது. தராசு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அதில்தானே நமக்குக் கூலி வந்தது. ஆனால் தராசில் ஏறவேண்டியது பருப்பு. நீ ஏன் மக்களே ஏறி உட்கார்ந்தாய்?

நம்முடைய ஆட்களை இந்த நாடு எப்படி நிறுத்துப் பார்த்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். திருவிதாங்கூர் ராஜா காலத்தில் தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட நமக்குத் தலைக்கு வரி உண்டு, பெண்களுக்கு மாராப்புப் போட உரிமை கிடையாது. 1806-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்தார். பின்னால் வந்தவர்கள் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள். மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அந்தக் காசில் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. நீயும் தேவசாயல்தான் என்று சொன்னதை நம் பாட்டிமார் அப்படியே நம்பிவிட்டார்கள், அதுதான் விசேஷம். குப்பாயம் என்கிற மேல்சட்டை போட்டுச் சந்தைக்குப் போனார்கள். மேல்சாதிக்காரர்கள் கிழித்தார்கள். மறுபடி தைத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். 1859 ஜூலை 26-ல்தான் அரசு இறங்கி வந்தது, அதுவும் உயர்ந்த சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அரசு உத்தரவு வந்த பிறகா அவர்களுக்கு மதிப்பு வந்தது? அது முன்னாலேயே இருந்ததால்தானே குப்பாயம் தைத்தார்கள். நம் சபை மட்டும்தான் இதைச் செய்தது என்று பெருமை பேசவும் கூடாது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். இன்றைக்கும் நிழல்தாங்கல் என்கிற அவர்கள் வழிபாட்டு இடத்துக்குள் போனால் எதிரே கண்ணாடிதான், தன்னைத்தானே பார்த்துக் கும்பிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சரி, இனி சொல்லக் கஷ்டமானது.

வேலை போனது மறைக்க வேண்டிய காரியம் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். நீ பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கியபோது ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தேன், ஆலயத்தில் பெயர் வாசித்தார்கள். என்ஜினீயரிங் சீட்டுக்கு ஒன்று. வேலை கிடைத்தபோது ஆயிரம் ரூபாய். அறுப்பின் பண்டிகை ஏலத்தில், கடையில் ஐந்நூறு ரூபாய்க்குத் தாண்டாத மட்டி வாழைக்குலையை அப்பா நாலாயிரத்துக்கு எடுத்தார், எஞ்சினீயர் அப்பா விட்டுக்கொடுக்கலாமா என்று யாரோ ஏற்றிவிட்டதால். எனக்கும் அன்றைக்கு உச்சி குளிர்ந்தது. ஆண்டவர் உன்னைத் தந்ததற்கு என்று மட்டும் ஒரு காணிக்கை நான் கொடுத்ததே இல்லை, ஞானஸ்நானத்துக்குப் பிறகு. ஆசீர்வாதம் என்றால் வேலை, வீடு, கார் என்று பிரசங்கம் பண்ணுகிறவர்களைக் குறை சொல்கிறேன். வீட்டில் தராசைப் பிடித்தது இந்தக் கறுத்த கைதான். மன்னித்துக்கொள் மக்களே.

தூக்கம் வரவில்லை என்றாயே, அதற்கு டாக்டரைப் பார். ஜெபம் பண்ணினால் எல்லாம் சரியாகும், மாத்திரை எதற்கு என்று உன் ரூமுக்கு வந்து யாராவது சொன்னால், நெய்யூரில் 1838-லேயே மிஷனரிகள் ஆஸ்பத்திரி வேலை ஆரம்பித்ததை அவருக்குச் சொல்லிக் கொடு. ஜெபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று காலை ஆலயத்தில் உன் பெயருக்கு நூறு ரூபாய் காணிக்கை எழுதச் சொன்னேன். செக்ரட்டரி நோட்டைத் திறந்துகொண்டு, “என்ன விசேஷம்? தம்பிக்குப் புது வேலை கிடைச்சாச்சா?” என்றார்.

“இல்ல. வேலை போயிட்டு.”

பேனாவைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். “அப்போ எதுக்குன்னு எழுத?”

“மகன் இருக்கானே, அதுக்கு” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘மகனுக்காக’ என்று எழுதினார். மைக்கில் அப்படியே வாசித்தார்கள். ஆக, ஊருக்கு இப்போது விஷயம் தெரியும். நீ வந்து யாரிடமும் எதையும் மறைக்க வேண்டிய பாடு இல்லை.

ஐலண்ட் ரயிலில் டிக்கெட் கிடைக்கிறதா பார். குழித்துறைக்கு அப்பா ஸ்கூட்டரோடு வந்து நிற்பார். வரும்போது அந்தப் பழைய கம்பிளியையும் எடுத்து வா, துவைத்துத் தருகிறேன். கிழக்கே நிற்கிற மட்டிக்குலை விளைந்துவிட்டது, இந்தத் தடவை ஏலத்துக்குக் கொடுக்கவில்லை, வீட்டுக்குத்தான்.

அம்மா