புகார்: எங்கள் கணினியில் உள்ள டேட்டாபேஸ் இணைப்புகளின் விவரம் வேண்டும்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், கோயம்புத்தூர்

ஐயா,

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் உள்ள எங்கள் ஆட்டோ உதிரிபாகக் கடையில் உங்கள் பில்லிங் மென்பொருள்தான் ஓடுகிறது. மென்பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகார் உங்கள் சர்வீஸைப் பற்றியது.

போன மாதம் கவுண்டருக்குப் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். அவனுக்குத் தனி லாகின் போட்டுக் கொடுத்தோம். அதில் பில்லிங் திறந்தது. குடோன் ஸ்டாக் மட்டும் ‘டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்’ என்று நின்றுவிட்டது. பழைய லாகினில் எல்லாம் சரியாக ஓடியது. உங்கள் ஆள் வந்து, புது லாகினில் இருந்தபடியே 64-பிட் ஓடிபிசி திரையை (டேட்டாபேஸ் இணைப்புகளைக் காட்டும் விண்டோஸ் திரை) திறந்தார். காலியாக இருந்தது. “கனெக்‌ஷனே போடலை சார், விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணணும்” என்று சொல்லி, விசிட் சார்ஜும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கனெக்‌ஷனே இல்லையென்றால் அதே கணினியில் பில் எப்படிப் போடுகிறோம்?

64-பிட் விண்டோஸில் 32-பிட், 64-பிட் என்ற இரண்டு வகை மென்பொருளுக்கும் தனித்தனி ஓடிபிசி திரை உண்டு. உங்கள் மென்பொருள் 32-பிட். அதன் சிஸ்டம் டிஎஸ்என் (எல்லா லாகினுக்கும் பொதுவான இணைப்பு) 64-பிட் திரையில் தெரியாது. சிஸ்வாவ்64 ஃபோல்டரில் உள்ள ஓடிபிசிஏடி32 என்ற 32-பிட் திரையைத் திறக்க வேண்டும். சிஸ்டம்32 ஃபோல்டரிலும் அதே பெயரில் 64-பிட் திரை ஒன்று இருப்பதால் யாருக்கும் குழப்பம் வரும்தான், ஆனால் சர்வீஸுக்கு வருபவருக்கு வரலாமா?

நானே திறந்து பார்த்தேன். பில்லிங் இணைப்பு சிஸ்டம் டிஎஸ்என்னாக அங்கே இருந்தது. ஸ்டாக் இணைப்பை உங்கள் ஆட்கள் பழைய லாகினில் யூசர் டிஎஸ்என்னாக, அதாவது அந்த ஒரு லாகினுக்கு மட்டுமானதாகப் போட்டிருக்கிறார்கள். வேறு லாகினில் அது எப்படித் தெரியும்? ‘பில்லிங் மெயின்’ என்று இன்னொன்றும் இருந்தது. பெயரைப் பார்த்தால் அதுதான் அசல் என்று தோன்றும். நாங்கள் எப்போதோ கழற்றிப் போட்ட பழைய சர்வரின் முகவரி அதில் இருக்கிறது!

இவையெல்லாம் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகி இருப்பவை. உங்கள் ஆள் சொன்னபடி விண்டோஸை அழித்துப் போட்டிருந்தால், என்னென்ன இருந்தது என்று பார்க்கவே வழி இருந்திருக்காது. 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கு) போட வேண்டிய கடை இது.

ஆகவே ஸ்டாக் இணைப்பை சிஸ்டம் டிஎஸ்என்னாக மாற்றி, பழைய சர்வர் இணைப்பை நீக்கிக் கொடுங்கள். அப்புறம், ஒவ்வொரு கணினியிலும் என்ன பெயரில், எந்த டிரைவரில் (டேட்டாபேஸோடு பேசும் துணை மென்பொருள்), எந்த சர்வருக்கு இணைப்பு இருக்கிறது, 32-பிட்டா 64-பிட்டா என்று எழுதிக் கொடுங்கள். விண்டோஸிலேயே உள்ள பவர்ஷெல்லில் ஒரு கட்டளை போட்டாலே பெரும்பாலான விவரம் வந்துவிடும். கணினி எங்களுடையது, கணக்கும் எங்களுடையது. இந்த விவரம் எங்கள் கையில் இருக்க வேண்டும். வாங்கிய விசிட் சார்ஜையும் திருப்பித் தர வேண்டும்.

அடுத்த ஜிஎஸ்டி தேதிக்கு முன் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கணக்குப் பொறுப்பாளர்