நுரை வந்தா சுத்தமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற வீட்டுக்குறிப்பு பகுதிய ஒரு வாரம்கூட விடாம படிக்கிறவ நான். போன வாரம் காபி மேக்கர் சுத்தம் பண்ண வினிகரையும் சமையல் சோடாவையும் ஒண்ணா கலந்து தண்ணி டேங்க்ல ஊத்தி ஓட விடுங்க, பளிச்சுனு ஆயிடும்னு போட்டிருந்தீங்க. அத படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். தயவு செஞ்சு அந்த குறிப்ப திருத்திப் போடுங்க, ஏன்னா உங்க பேப்பர்ல வந்துச்சுன்னா ஜனங்க வெட்டி ஒட்டி வெச்சுக்கறாங்க.

வினிகர் ஆசிட், சோடா காரம். ரெண்டும் சேர்ந்தா புஸ்ஸுனு பொங்கி நுரை வரும், பாக்கறதுக்கு உள்ள பெருசா ஏதோ வேலை நடக்கற மாதிரிதான் இருக்கும், ஆனா அந்த நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு, அது அடங்கினதும் மிச்சம் நிக்கறது சோடியம் அசிடேட்னு ஒரு உப்பு கரைஞ்ச தண்ணி. ஆசிட் காரத்த முழுங்கிடுச்சு, காரம் ஆசிட்ட முழுங்கிடுச்சு. அழுக்கு இருந்த இடத்துலயே இருக்கு.

காபி மேக்கர்ல சேர்ற அழுக்கு ரெண்டு வகைங்க, இத புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஒண்ணு தண்ணில இருந்து வர்றது. உப்புத் தண்ணி கொதிக்க வெக்கற பாத்திரத்தோட அடில வெள்ளையா கல்லு மாதிரி புடிச்சுக்கும் பாருங்க, அதேதான், தண்ணில கரைஞ்சு கிடக்கற கால்சியம் சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டா மாறி ஒட்டிக்கிது. இத ஆசிட்தான் கரைக்கும். இன்னொண்ணு காபில இருந்து வர்றது, எண்ணெய். வறுத்த கொட்டைல எண்ணெய் இருக்கு, அது கண்ணுக்கு தெரியாம சல்லடைலயும் ஜக்குலயும் மூடி உள்பக்கமும் படிஞ்சு படிஞ்சு காத்து பட்டு காறிப்போயிடும். இதுக்கு எவ்வளவு வினிகர் ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல, பாத்திரம் கழுவற சோப்போ, சுடுதண்ணில கரைச்ச சோடா மாதிரி காரமோதான் வேணும். அதனால உப்புக்கு ஆசிட் தனியா, எண்ணெய்க்கு சோடா தனியா. ஒண்ணா கலக்கவே கூடாது.

இத நான் புஸ்தகம் படிச்சு தெரிஞ்சுக்கல, மெஷின கிட்டத்தட்ட குப்பைல போட்டுட்டு தெரிஞ்சுக்கிட்டேன். எங்க வீட்டு டிரிப் மெஷின், அதாவது சுடுதண்ணிய காபித்தூள் மேல சொட்டு சொட்டா விட்டு ஜக்குல இறக்கற வகை, மூணாவது வருஷம் திடீர்னு மக்கர் பண்ண ஆரம்பிச்சுது, கர்ர் கர்ர்னு சத்தம், ஆவி மட்டும் வருது, பாதி தண்ணி டேங்க்லயே நிக்குது. ரிப்பேருக்கு கொண்டு போனா அவரு திறந்துகூட பாக்கல, காயில் போயிடுச்சும்மா, புதுசு வாங்கிடுங்கன்னுட்டாரு. எனக்கு ஒப்பல. வீட்டுக்கு கொண்டு வந்து ஒரு லிட்டர் தண்ணில ரெண்டு டேபிள்ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டு, அதான் எலுமிச்சை உப்புன்னு சொல்வோமே அது, நல்லா கரைச்சு டேங்க்ல ஊத்தி பாதி ஓடினதும் ஆஃப் பண்ணி அரை மணி நேரம் அப்படியே ஊற விட்டேன். திரும்ப ஆன் பண்ணதும் முதல்ல கலங்கலா சொட்டு சொட்டா வந்துச்சு, அப்புறம் முட்டை ஓட்ட நசுக்கின மாதிரி வெள்ளை வெள்ளையா துகள் வந்து ஜக்குல விழுந்துச்சு பாருங்க, ஒரு கைப்பிடி இருக்கும். இன்னொரு தடவ அதே மாதிரி ஓட்டிட்டு வெறும் தண்ணிய மூணு தடவ விட்டேன். அந்த மெஷின்லதான் இன்னிக்கு காலைலயும் காபி போட்டேன்.

ஏன் அப்படி ஆச்சுன்னா, இந்த டிரிப் மெஷின்ல பெரும்பாலும் பம்ப்பே கிடையாதுங்க. டேங்க்ல இருந்து தண்ணி ஒரு சின்ன குழாய் வழியா கீழ இறங்குது, அங்க ஹீட்டர் சுட வெக்குது, கொதிச்சு வர்ற ஆவிக் குமிழிங்க தண்ணிய மேல தள்ளுது, திரும்பி டேங்க்குக்கே போகாம இருக்க நடுவுல ஒரு வால்வ். அவ்வளவுதான் மொத்த விஷயமும். அதே ஹீட்டர்தான் ஜக்கு வெக்கற தட்டையும் சூடாக்குது. அந்த குழாய்க்குள்ள நான் சொன்ன வெள்ளைக் கல்லு, அதாவது சுண்ணாம்பு, படிஞ்சா வழியும் சுருங்குது, சூடும் தண்ணிக்கு சரியா போய் சேர்றதில்ல. காபி இறங்கறதுக்கு தண்ணி 90-ல இருந்து 96 டிகிரி செல்சியஸ் இருக்கணும்பாங்க, அதுக்கு கீழ போச்சுன்னா புளிச்ச மாதிரி சப்புனு இருக்கும். தூள் சரியில்ல தூள் சரியில்லன்னு நாம பிராண்ட் மாத்திக்கிட்டே இருப்போம், கோளாறு குழாய்க்குள்ள இருக்கும்.

அதனால புதுசா மெஷின் வாங்கின அன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க. முழு டேங்க் தண்ணி ஊத்தி எத்தன நிமிஷத்துல முடியுதுன்னு பாத்து ஒரு சீட்டுல எழுதி மெஷின் பின்னாடி ஒட்டிடுங்க. மாசம் ஒரு தடவ பாருங்க. ரெண்டு நிமிஷம் கூடுதலா எடுத்துச்சுன்னா சிட்ரிக் ஆசிட் போடற நேரம் வந்துடுச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவன்னு பொதுவா சொல்றாங்க, ஆனா அது உங்க தண்ணிய பொறுத்தது, ரொம்ப உப்பா இருந்தா மாசா மாசம்கூட தேவைப்படும். வினிகரும் வேலை செய்யும், பாதிக்கு பாதி தண்ணி கலந்துக்கணும், ஆனா அந்த வாடை போக நாலஞ்சு தடவ தண்ணி விடணும், சில மெஷினோட ரப்பருக்கு ஆகாதுன்னு மேனுவல்லயே போட்டிருப்பாங்க, எனக்கு சிட்ரிக் ஆசிட்தான் பிடிச்சிருக்கு. இங்க ஒண்ணு ரொம்ப கண்டிப்பா சொல்லணும், பிளீச்சிங் பவுடரோ பிளீச் கலந்த திரவமோ வினிகர் கூடயோ சிட்ரிக் ஆசிட் கூடயோ சேரவே கூடாது, குளோரின் வாயு வரும், மூடின சமையலறைல அது உயிருக்கே ஆபத்து. நீங்க குறிப்பு போடும்போது இத பெரிய எழுத்துல போடணும்னு கேட்டுக்கறேன்.

எண்ணெய் விஷயத்துக்கு வர்றேன். காபித்தூள் போடற கூடைய எடுத்து, காபி இல்லாதப்ப, வெறுமனே மோந்து பாருங்க. நல்ல காபி வாசனை வந்தா சரி. பழைய எண்ணெய் டப்பா மாதிரி ஒரு சிக்கு வாடை அடிச்சா அந்த வாடைதான் தினமும் உங்க டம்ளர்ல இறங்குது. வெறும் தண்ணில அலசறது போதவே போதாது. சுடுதண்ணில சோப்பு போட்டு தினம் கழுவணும், வாரம் ஒரு தடவ கூடையையும் ஜக்கையும் சோடா கரைச்ச சுடுதண்ணில கால் மணி நேரம் ஊற வெச்சா பழுப்பு தானா கழண்டு வரும், தேய்க்கவே வேணாம். கண்ணாடி ஜக்க இரும்பு நாரால தேய்க்காதீங்க, கீறல் விழுந்த இடத்துலதான் சூட்டுல விரிசல் விடும். வேலை முடிஞ்சதும் டேங்க் மூடிய திறந்து வெச்சிடுங்க, ஈரமா இருட்டா மூடி வெச்சா பூஞ்சை வராம என்ன பண்ணும்.

வாங்கறத பத்தியும் கொஞ்சம் எழுதறேன், ஏன்னா சுத்தம் பண்ற கஷ்டம் பாதி வாங்கும்போதே முடிவாயிடுது. நாம கடைல என்ன கேக்கறோம், எத்தன கப் வரும், எத்தன வாட், வாரண்டி எவ்வளவு. ஒருத்தர்கூட இத எப்படி கழட்டறதுன்னு கேக்கறதில்ல. என் கட்சி என்னன்னா, கடைலயே கழட்டிக் காட்டச் சொல்லுங்க, கை உள்ள போகுதான்னு பாருங்க, கைய விட்டு கழுவ முடியாதது வீட்டுக்கு வேணாம்.

பேப்பர் பில்டர் கதைய பாருங்க. 1908-ல ஜெர்மனில டிரெஸ்டன் ஊர்ல மெலிட்டா பென்ட்ஸ்னு ஒரு அம்மா, வீட்டு வேலை பாத்துக்கிட்டிருந்தவங்க, காபில கசப்பும் மண்டியும் தாங்காம ஒரு பித்தளை பாத்திரத்துல ஓட்ட போட்டு பையனோட நோட்டுல இருந்த மை ஒத்தற தாள எடுத்து உள்ள வெச்சு வடிகட்டிப் பாத்தாங்க. அதுல இருந்துதான் இன்னிக்கு உலகம் பூரா இருக்கற பேப்பர் பில்டர் வந்துச்சு. சமையலறைல நின்னு கைய சுட்டுக்கிட்டவங்களுக்குத்தான் அப்படி தோணும், தாளோட சேர்த்து சக்கைய அப்படியே தூக்கிப் போட்டுடலாம் இல்லையா. இன்னொரு லாபமும் இருக்கு, காபில காஃபெஸ்டால்னு ஒரு பொருள் இருக்கு, அது கெட்ட கொழுப்ப கூட்டும், பேப்பர் அத பெரும்பாலும் புடிச்சு நிறுத்திடும், கம்பிச் சல்லடை நிறுத்தாது. கொலஸ்ட்ரால் இருக்கறவங்க ஒரு நாளைக்கு அஞ்சாறு கப் குடிக்கறதா இருந்தா பேப்பர் போடற மெஷின்தான் நல்லது.

மோக்கா பாட் எனக்கு ரொம்ப இஷ்டமான சாமான், அடுப்புல வெச்சா கீழ இருக்கற தண்ணிய ஆவி தள்ள, அது தூள் வழியா ஏறி மேல காபியா வரும். இத்தாலில 1933-ல பியாலெட்டி கொண்டு வந்தது, அலுமினியம், மூணே பாகம், கரண்டும் வேணாம். ஆனா இதுலதான் ஜனங்க நிறைய தப்பு பண்றாங்க. தண்ணி ஊத்தற அடி பாகத்துல ஒரு சின்ன வால்வ் இருக்கும், தண்ணி அதுக்கு கீழதான் இருக்கணும், அது ஆபத்துக்கு ஆவிய வெளிய விடற வழி, அத தண்ணில முக்கவும் கூடாது, சுண்ணாம்பு அடைக்கவும் விடக்கூடாது. தூள அழுத்தி அமுக்கக் கூடாது, நிரவி விட்டா போதும். மேல களகளன்னு சத்தம் வந்ததும் அடுப்புல இருந்து இறக்கிடணும், மிச்சத்தையும் இறக்கறேன்னு வெச்சிருந்தா கருகின கசப்புதான் வரும். அலுமினிய பாட்ட டிஷ்வாஷர்ல போட்டாலோ சோடா தண்ணில ஊற வெச்சாலோ கறுத்துப் போய் பொடி பொடியா உதிரும், காரம் அலுமினியத்த அரிச்சிடும். மேல நான் சொன்ன சோடா வைத்தியம் கண்ணாடிக்கும் எவர்சில்வருக்கும்தான், இதுக்கு இல்ல. இதுக்கு சுடுதண்ணியும் மெத்துனு ஒரு பஞ்சும் போதும், கழுவினதும் துடைச்சு காய விட்டு கழட்டின மாதிரியே வைங்க.

பிரெஞ்ச் பிரஸ், அதாவது தூளையும் சுடுதண்ணியையும் ஒண்ணா போட்டு சல்லடை வெச்ச தண்ட அமுக்கி வடிகட்டற கண்ணாடி ஜாடி, அத பத்தி விலாவாரியா சொல்ல ஒண்ணும் இல்ல. கொரகொரன்னு அரைச்ச தூள், நாலு நிமிஷம், மெதுவா அமுக்கணும். நைஸ் தூள் போட்டு பலமா அமுக்கினா சல்லடை அடைச்சு கொதிக்கற தண்ணி முகத்துல தெறிக்கும், கண்ணாடியும் உடையும். கழுவும்போது அந்த தண்டோட அடிய திருகி மூணு வட்டத்தையும் தனித்தனியா எடுங்க, ரெண்டு தகடுக்கு நடுவுல வருஷக்கணக்கா எண்ணெய் உக்காந்திருக்கும், முதல் தடவ கழட்டறவங்களுக்கு அத பாத்தா காபியே குடிக்கத் தோணாது. சக்கைய சிங்க்ல கொட்டாதீங்க, அது கரையாது, குழாய் வளைவுல போய் கட்டியா உக்காந்துக்கும்.

எஸ்பிரெஸோ மெஷின், அதாவது சுடுதண்ணிய அழுத்தத்தோட தூள் வழியா தள்ளி கெட்டி காபி இறக்கறது, வாங்கணும்னு ஆசைப்படறவங்க டப்பா மேல 15 பார், 20 பார்னு போட்டிருக்கறத பாத்து மயங்க வேணாம். பார்ங்கறது அழுத்தத்தோட அளவு, டப்பால இருக்கறது பம்ப்போட அதிகபட்ச அழுத்தம், காபி இறங்கறதுக்கு சுமார் 9 பார்தான் வேணும். அதவிட முக்கியம், பால் பொங்க வெக்கற ஸ்டீம் குழாய ஒவ்வொரு தடவையும் உடனே ஈரத்துணியால துடைச்சு ஒரு தடவ ஆவிய திறந்து விடணும். பத்து நிமிஷம் விட்டா பால் காஞ்சு ஓடு மாதிரி ஆயிடும், ஓட்டைக்குள்ள போன பால் கெட்டு நாறும். தினமும் இத செய்ய பொறுமை இருக்கறவங்க வாங்குங்க. தூள் அடைச்ச சின்ன டப்பாவ போட்டு காபி எடுக்கற கேப்ஸ்யூல் மெஷின் சுலபம்தான், ஆனா உள்ள என்ன இருக்குன்னு பாக்க வழியே இல்ல, ஒவ்வொரு கப்புக்கும் ஒரு குப்பை வேற.

கடைசியா கம்பெனிக்காரங்களுக்கும் உங்க மூலமா ஒண்ணு கேக்கணும். என் மோக்கா பாட்டுக்கு உள்ள இருக்கற ரப்பர் வளையம் தேடி நாலு மாசம் அலைஞ்சேங்க, வித்தவங்க ஸ்பேர் வராது புதுசா வாங்கிக்கங்கன்னாங்க. ஒரு சின்ன ரப்பர், அதுக்காக நல்ல சாமான தூக்கிப் போடறதா? டப்பாக்குள்ளயே ரெண்டு வளையம் கூடுதலா வெச்சா என்ன குறைஞ்சிடும். உப்பு எடுக்கற முறைய மேனுவல்ல பதினேழாவது பக்கத்துல பொடி எழுத்துல போடாம மெஷின் மேலயே ஸ்டிக்கரா ஒட்டினா எத்தன மெஷின் குப்பைக்கு போகாம தப்பிக்கும்.

மோக்கா பாட் வெச்சிருக்கவங்க நாளைக்கு காலைல அந்த வளையத்த நகத்தால ஒரு தடவ அழுத்திப் பாருங்க. அமுங்கி எழுந்தா நல்லா இருக்கு. கல்லு மாதிரி இருந்தாலோ ஓரத்துல வெடிச்சிருந்தாலோ பக்கவாட்டுல ஆவி கசியும், மாத்திட்டு அடுப்புல ஏத்துங்க.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகி