சிறிய கேஜ் துப்பாக்கி வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களிமண் தட்டுச் சுடும் விளையாட்டில் ஆர்வம் வந்து துப்பாக்கி வாங்கப் போகும் புதியவர்கள் பலர், 12 கேஜின் உதைக்குப் பயந்து நேராக 410-இல் போய் நிற்கிறார்கள். துளை சிறியது, உதை குறைவு, ஆகவே பழகுவதற்கு ஏற்றது என்று கடைக்காரரும் தலையாட்டிவிடுகிறார். இது தவறான யோசனை. உரிமம் கைக்கு வந்தபின், அதிகச் செலவில்லாமல் சிறிய கேஜ் ஷாட்கன் ஒன்றைப் புதிதாகவோ பழையதாகவோ வாங்க நினைக்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளம். இயன்றவரை சுருக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

குழலின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அந்த எண்ணிக்கைதான் கேஜ். அதனால் எண் ஏற ஏறத் துளை சிறுக்கிறது. 12 கேஜின் துளை 18.5 மி.மீ., 20 கேஜ் 15.6 மி.மீ., 28 கேஜ் 14 மி.மீ. இதில் 410 மட்டும் கேஜ் கணக்கில் வராது. அது துளையின் விட்டத்தை அங்குலத்தில் சொல்வது: 0.410 அங்குலம், அதாவது 10.4 மி.மீ.

உதையைப் பார்ப்பவர்கள் தோட்டாவுக்குள் இருக்கும் பால்ரஸை, அதாவது சிறு ஈய மணிகளைப் பார்ப்பதில்லை. தட்டுச் சுடும் தோட்டாவில் 20 கேஜுக்கு வழக்கமாக 25 கிராம், 28 கேஜுக்கு 21 கிராம், 410-இன் குட்டைத் தோட்டாவுக்கு 14 கிராம் ஈயம் இருக்கும். அமெரிக்க அளவில் 8-ஆம் நம்பர் பால்ரஸ் என்றால் முறையே சுமார் 360, 310, 205 மணிகள். தட்டின் அளவும் தூரமும் எல்லோருக்கும் ஒன்றுதான். 205 மணிகள் விரியும்போது நடுவே தட்டு நுழைந்து தப்பும் அளவுக்குச் சந்து விழுகிறது. போதாக்குறைக்கு, ஒடுங்கிய 410 குழலில் மணிகள் நீளத் தூணாக அடுக்கப்பட்டுப் போவதால், நசுங்கி வடிவம் கெட்ட மணிகள் வழி விலகிப் போகின்றன. சரியாகக் குறிவைத்தும் தட்டு உடையாவிட்டால், தவறு தன்னுடையதா துப்பாக்கியுடையதா என்று பழகுபவருக்குத் தெரியாது. 410 தேர்ந்த கைக்கு உரியது. முதல் துப்பாக்கிக்கு 20 கேஜைத்தான் சொல்வேன்.

28 கேஜ் எனக்கு மிகவும் பிடித்தது. 21 கிராம் ஈயத்தை அவ்வளவு சீராக விரிப்பது வேறு எதுவும் இல்லை. ஆனால் தோட்டா விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 12-ம் 20-ம் பெருமளவில் தயாராவதால் மலிவு. 28-ம் 410-ம் குறைவாகத் தயாராவதால், உள்ளே ஈயம் குறைவாக இருந்தும் விலை கூடுதல். வாரம் 100 தட்டு சுட்டால் 25 தோட்டாப் பெட்டி நான்கு. ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 200 பெட்டி. ஒரு பெட்டிக்கு உள்ள விலை வித்தியாசத்தை 200-ஆல் பெருக்கிப் பாருங்கள். துப்பாக்கியில் மிச்சம் பிடித்தது ஓரிரு ஆண்டில் தோட்டாவில் போய்விடலாம். பழைய தோட்டா உறையில் மறுபடி மருந்தும் ஈயமும் நிரப்பத் தெரிந்தவர்களுக்கு, சட்டம் அனுமதிக்கும் இடத்தில், இந்தக் கணக்கு மாறும்.

அடுத்தது எடை. சிறிய கேஜ் என்றாலே உதை குறைவு என்று நம்புகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஈயத்தின் எடையைப் போல 96 மடங்காவது துப்பாக்கி எடை இருக்க வேண்டும் என்பது பழைய துப்பாக்கித் தொழிலாளர் கணக்கு. 25 கிராமுக்கு 2.4 கிலோ, 21 கிராமுக்கு 2 கிலோ. இதுவரை சரி. ஆனால் 20 கேஜுக்கு 76 மி.மீ. நீள மேக்னம் தோட்டா ஒன்று உண்டு. அதில் 35 கிராம் வரை ஈயம் இருக்கும். அதற்கு 3.4 கிலோ துப்பாக்கி வேண்டும். அலுமினிய உடல் கொண்ட இரண்டரைக் கிலோ 20 கேஜில் அதைப் போட்டுச் சுட்டால், 28 கிராம் தோட்டா போட்ட கனமான 12 கேஜைவிடத் தோளைப் பதம் பார்க்கும். தட்டுச் சுடுவதற்கு 20 கேஜ் 2.8 முதல் 3.1 கிலோ வரை இருப்பது நல்லது. மிகவும் இலேசான துப்பாக்கி வேகமாகத் திரும்பும், அதே வேகத்தில் நின்றும் விடும். கை நின்றால் தட்டுக்குப் பின்னால்தான் குண்டு போகும். நாள் முழுக்கத் தோளில் சுமந்து நடப்பவர்களுக்குத்தான் இலேசு உதவும்.

மலிவான 28, 410 துப்பாக்கிகளில் பல, 20 கேஜ் உடலிலேயே சிறிய துளைக் குழலைப் பொருத்தி வருபவை. குழல் சுவர் தடிப்பதால் அவை 20 கேஜைவிடக் கனமாகவும் இருக்கும். தட்டுச் சுடுவதற்கு அது குறையே அல்ல. ஆனால் கேஜுக்கேற்ற சிறிய உடல் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், பக்கத்திலேயே அதே மாடல் 20 கேஜை வைத்து அளந்து பாருங்கள்.

புதிதில் மிகக் குறைந்த விலை, குழலைக் கீலில் மடக்கித் தோட்டா போடும் ஒற்றைக் குழல் மடக்குத் துப்பாக்கிக்குத்தான். பழகும் பிள்ளைகளுக்கு அதை வாங்கித் தருகிறார்கள். எடை குறைவு, உதை அதிகம், வெளியே சுத்தியல் உள்ளதென்றால் சிறு விரலால் இழுத்து நிறுத்துவதும் கடினம். எனக்கு உடன்பாடில்லை. குழலுக்கடியில் உள்ள முன்கட்டையை முன்னும் பின்னும் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் வகையில் மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 இரண்டும் பழையதாகவே நிறையக் கிடைக்கும். 870 1950 முதல் வருவது. அதன் ஆரம்பகால 20 கேஜ் மாடல்கள் 12 கேஜ் அளவு உடலில் செய்யப்பட்டவை; பின்னால் வந்த இலேசான மாடலின் குழல் அவற்றில் பொருந்தாது. தனிக் குழல் வாங்குபவர்கள் பணத்தை வீணடிப்பது பெரும்பாலும் இதில்தான். உதை தாங்காதவர்களுக்கு, வெடிமருந்தின் வாயுவாலேயே இயங்கும் அரைத் தானியங்கி 20 கேஜை விட நல்லது இல்லை. ரெமிங்டன் 1100 அந்த வகை. பழையதில் குழலுக்கடியில் உள்ள ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, வாயுத் துளைகள் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தோட்டாவை வெளியே தள்ளாமல் சிக்கவைக்கும் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்விரண்டே காரணம். இரண்டும் சின்னச் செலவு.

மேலும் கீழுமாக இரட்டைக் குழல் வேண்டும், செலவும் அடங்க வேண்டும் என்றால் ஹுக்லு, யில்டிஸ், ஆட்டா போன்ற துருக்கித் தயாரிப்புகள்தான் வழி. இவற்றில் ஒரே மாடலில் ஒன்றுக்கொன்று வேலைப்பாடு வேறுபடும். அதனால் கடையில் இருக்கும் இரண்டு மூன்றையும் எடுத்துவைத்து, மரம் இரும்போடு சேரும் இடம், விசையின் இழுவை, சுட்ட உறையை வெளியே தள்ளும் இரண்டு எஜெக்டரும் ஒரே நேரத்தில் தட்டுகின்றனவா என்பதை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். தோட்டாவைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின்னும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். குழல் முனையை ஒடுக்கும் சோக் குழாயின் மரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், பெட்டியில் எத்தனை சோக் வருகிறது என்பதும் விலையில் ஒரு பங்கு.

அளவான பணம் கையில் இருப்பவருக்கு என் விருப்பம் பழையதுதான்: நல்ல கம்பெனியின் உறுதியான பழைய 20 கேஜ். ஆனால் சோதித்துத்தான் வாங்க வேண்டும். முதலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். மடக்குத் துப்பாக்கி என்றால் முன்கட்டையைக் கழற்றிவிடுங்கள். அதன் ஸ்பிரிங் அழுத்தம் கீலின் தேய்மானத்தை மறைத்துவிடும். பிறகு மூடி, பிடியைப் பற்றி மெல்ல ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று கேட்டால் கீல் தேய்ந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்பக்கத்துக்கும் உடலுக்கும் இடையே ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். மேல் நெம்புகோலும் சாட்சி சொல்லும்: புதியதில் மூடிய நிலையில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும், தேயத் தேய நடுவுக்கு வந்து, பின் இடப்பக்கம் தாண்டும். இந்தக் குறையைச் சரிசெய்ய ஆகும் கூலி, மலிவான துப்பாக்கியின் விலையையே எட்டிவிடும்.

குழலை நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள். விற்பவர் தடவிவைத்த எண்ணெய் துருக்குழிகளை மறைக்கும். காய்ந்த குழலைத் தோட்டா போடும் சேம்பர் பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் உள்ளே ஒளி வளையங்கள் வட்டமாகத் தெரியும். வளையம் ஓரிடத்தில் உடைந்தால் சொட்டை. கருத்த வளையம் ஒன்று தெரிந்தால் புடைப்பு. வெளியே விரலால் தடவினால் அதே இடம் தட்டுப்படும். சொட்டையை நிமிர்த்தலாம். புடைப்பு என்பது உள்ளே மண்ணோ துணியோ, தோட்டாவில் மருந்துக்கும் ஈயத்துக்கும் நடுவே இருக்கும் வாடோ அடைத்திருந்தபோது சுட்டதன் தழும்பு. அந்தத் துப்பாக்கியை விட்டுவிடுங்கள். குழல் சுவரின் தடிப்பை அளக்கும் கருவி துப்பாக்கி மெக்கானிக்கிடம் இருக்கும். எந்த இடத்திலும் 0.5 மி.மீ.க்குக் கீழே இருந்தால் வேண்டாம். கழற்றிய குழலைத் தொங்கவிட்டு விரல்நகத்தால் தட்டினால் மணியடித்தது போல் நீண்டு ஒலிக்க வேண்டும்; மங்கிய ஒலி வந்தால் குழல்களுக்கு நடுவிலுள்ள பட்டியின் ஈயப்பற்று விட்டிருக்கிறது. பக்கம்பக்கமாக உள்ள இரட்டைக் குழலில் முனையில் இரு குழலும் ஒட்டாமல் இடைவெளி தெரிந்தால் யாரோ முனையை வெட்டியிருக்கலாம். வெட்டினால் சோக் போய்விட்டது என்று பொருள்.

விசையைப் போலித் தோட்டா போட்டுச் சோதியுங்கள். ஒற்றை விசைத் துப்பாக்கிகள் சில, முதல் வெடியின் உதையால்தான் இரண்டாம் குழலுக்கு மாறும். அத்தகையதில் இரண்டாம் இழுவை வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம்; கட்டையின் அடியை உள்ளங்கையால் தட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள். சேஃப்டி போட்ட நிலையில் விசையை அழுத்தி, கையை எடுத்து, பிறகு சேஃப்டியை விடுவித்தால் ஊசி தட்டக்கூடாது. மரக்கட்டையில் இரும்பு சேரும் இடத்தில் கீறல் இருக்கிறதா, எண்ணெய் ஊறிக் கருத்து மெத்தென்று ஆகியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஸ்க்ரூவின் பிளவு சிதைந்திருந்தால் அனுபவமில்லாத கை உள்ளே புகுந்திருக்கிறது.

சேம்பர் நீளத்தைக் கட்டாயம் படியுங்கள். ஐரோப்பியத் துப்பாக்கிகளில் சோதனை முத்திரையோடு 65, 70, 76 என்று மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும். தோட்டாவின் நீளம் என்பது வெடித்து வாய் விரிந்தபின் உள்ள நீளம். அதனால் 70 மி.மீ. தோட்டா, மடிந்த வாயோடு 65 மி.மீ. சேம்பரிலும் தடையின்றி நுழைந்துவிடும். நுழைந்துவிட்டது என்பதால் பொருந்தியது என்று ஆகாது. வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். 410-இல் இதே ஆபத்து 63.5-க்கும் 76-க்கும் இடையே. இறுக்கமான சோக் உள்ள பழைய குழலில் எஃகுக் குண்டையும் போடக்கூடாது. எஃகு நசுங்காது, சோக்கைத்தான் புடைக்கவைக்கும்.

வீட்டில் ஏற்கெனவே 12 கேஜ் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு முறை படிக்க வேண்டும். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பரில் விழுந்தால், அதைத் தாண்டி வழுக்கிப்போய்க் குழலுக்குள் சிக்கும். பின்பக்கம் காலியாகத் தெரிவதால் மேலே ஒரு 12 கேஜ் தோட்டாவையும் போட்டுச் சுட்டால் குழல் கை பிடித்திருக்கும் இடத்திலேயே வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதற்குக் காரணம் இதுதான். 20 கேஜில் 28 விழுந்தாலும் இதே கதி. இரண்டு கேஜ் தோட்டாக்களை ஒரே பையில் வைக்காதீர்கள். ஒரே நாளில் ஒரே இடத்துக்கு எடுத்துச் செல்லாமலே இருப்பது இன்னும் நல்லது.

நல்ல மேல்கீழ் 12 கேஜ் ஒன்று கையில் இருந்தால், புதுத் துப்பாக்கியே வாங்காமல் அதன் குழலுக்குள் நுழைக்கும் 20, 28, 410 அலுமினியக் குழாய்களையும் யோசிக்கலாம். முன்பாரம் கூடும், ஆனால் பழகிய கட்டையும் விசையும் மாறாது. அந்தக் குழாய்களுக்கும் உரிமம் தேவையா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழையதை வாங்கும்போது காகிதத்தில் சுட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். 20 கேஜை 36.5 மீட்டரில், 410-ஐ 23 மீட்டரில் வைத்து, 75 செ.மீ. வட்டத்துக்குள் எத்தனை மணி விழுந்தது என்று எண்ணுங்கள். அரை சோக் என்று விற்கப்படும் 20 கேஜ் 36.5 மீட்டரில் ஏறக்குறைய 60 விழுக்காடு போட வேண்டும். இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடுகின்றனவா என்பதும் அந்தக் காகிதத்தில்தான் தெரியும். பணம் கைமாறும் முன் உடல், குழல், முன்கட்டை மூன்றிலும் உள்ள எண்களை உரிமப் பத்திரத்தோடு ஒப்பிட்டு, முன்பணம் மட்டும் கொடுத்து, மெக்கானிக் அளந்து சொன்னபின் மீதியைக் கட்டுவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்