டீக்கடை மேசையில் எங்களோடு உட்கார்ந்தவர்களுக்கு

வணக்கம்.

புதுச்சேரி தட்டாஞ்சாவடி பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் 18 வருடம் 8 மாதம் வைண்டிங் பிரிவில், அதாவது கம்பி சுற்றும் பிரிவில், இருந்தவள் நான். முதலில் டியூப் லைட்டுக்குச் சோக் சுற்றினோம். சோக் காலம் போனதும் எல்இடி விளக்குக்கு டிரைவர் செய்தோம், வீட்டு மின்சாரத்தை விளக்குக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னக் கருவி அது. 2023 மார்ச் 31ஆம் தேதி கேட்டைப் பூட்டிவிட்டார்கள். தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயில் இருந்து, வேலை போனதற்காக வந்துகொண்டிருந்த படியும் 2025 மார்ச்சோடு முடிந்தது. வரவேண்டியது எல்லாம் வந்துவிட்டதால், இப்போதாவது ஒரு நன்றி எழுதிவிட வேண்டும் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். என்னை எழுதச் சொன்னதற்கு என் கையெழுத்து கொஞ்சம் புரியும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆலை ஏன் மூடியது என்பதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஒருநாள் சூப்பர்வைசர் சீனாவிலிருந்து வந்த ஒரு டிரைவர் போர்டைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்து விலையைச் சொன்னார். நாங்கள் சிரித்துவிட்டோம். காப்பர் கம்பியும் அதைச் சுற்றும் கோரும் வாங்கவே எங்களுக்கு அதைவிடக் கூட ஆகும். அப்புறம் ஒரு மிஷினை நிறுத்தினார்கள், பிறகு ஒரு வரிசையையே நிறுத்தினார்கள். உள்ளே நுழைந்தால் மூக்கில் ஏறும் வார்னிஷ் வாசனை வாரத்தில் இரண்டு நாள்தான் என்று ஆனபோது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

2023 ஜனவரி கடைசியில் நோட்டீஸ் ஒட்டினார்கள், 60 நாளில் மூடல் என்று. நிரந்தரத் தொழிலாளர்கள் நாங்கள் 62 பேர். அடுத்த வாரமே ஒவ்வொருவராக ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். சொந்தக் காரணத்துக்காக ராஜினாமா செய்கிறேன் என்று அடித்து வைத்திருந்தது. கையெழுத்துப் போட்டால் கையோடு 50,000 ரூபாய். பள்ளிக் கட்டணம் பாக்கி இருக்கிற வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. 9 பேர் போட்டும்விட்டார்கள்.

முதல் நன்றி இங்கேதான் வருகிறது, அந்த மில்லுக்கார ஐயாவுக்கு. பஞ்சாலையில் நெசவில் இருந்தவர். மில்லும் போய் வயதும் போன பிறகு காலையிலும் சாயந்தரமும் எங்கள் தெருமுனை டீக்கடையில்தான் இருப்பார். 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டில் செத்த 12 மில் தொழிலாளர்களுக்கு வருடா வருடம் மாலை போடப் போகிறவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நானும் இன்னொருத்தியும் அந்த 50,000 பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தார்.

“ஏம்மா, கையெழுத்து போட்டுட்டியா?”

“இல்லீங்க ஐயா, நாளைக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க.”

“போடாத. ராஜினாமான்னு எழுதிக் குடுத்தா நீயா போன மாதிரி ஆயிடும். மூடினதுக்கு நஷ்டஈடும் வராது, ஈஎஸ்ஐ படியும் வராது. நாளைக்கு லீவு சொல்லிடு.”

லீவு சொன்னேன். எங்கள் கதை முழுக்க அந்த ஒரு லீவில்தான் தொங்கியது. முன்னமே கையெழுத்துப் போட்ட 9 பேரில் 6 பேருடையதைத் திரும்ப வாங்க முடிந்தது, 3 பேருக்குக் கடைசிவரை முடியவில்லை.

அடுத்து தொழிலாளர் துறையில் எங்கள் வழக்கை எடுத்த சமரச அலுவலர் அம்மா. நிர்வாகத்துத் தரப்பில் வந்தவர், “வெளிநாட்டுச் சரக்கு வந்து கொட்டினால் நாங்கள் என்ன செய்ய முடியும்? எங்கள் கையை மீறிய காரணம். அதனால் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் தர வேண்டியதில்லை” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, எனக்கே அப்படித்தான் பட்டது. அம்மா பதில் பேசாமல் அப்போது நடைமுறையில் இருந்த தொழில் தகராறுகள் சட்டப் புத்தகத்தைத் திருப்பி 25-எஃப்எஃப்எஃப் பிரிவின் கீழே இருக்கிற விளக்கத்தை விரல் வைத்துப் படித்தார். நஷ்டம் வந்தது, பணமுடை, விற்காத சரக்கு தேங்கியது, இவை மட்டுமே கையை மீறிய காரணம் ஆகாது என்று அதில் இருந்தது. அப்படியானால் வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம், ஆறு மாதத்துக்கு மேல் போன துண்டு ஒரு முழு வருடக் கணக்கு. என் 8 மாதம் ஒரு வருடமாகி 19 என்று நின்றது.

கிராஜுவிட்டியில், அதாவது பல வருடம் வேலை பார்த்ததற்கு ஆலை தர வேண்டிய பணிக்கொடையில், இன்னொரு கூத்து. என் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,400. அதை 30ஆல் வகுத்து 15 நாளுக்கு 5,200 என்று போட்டு, 19 வருடத்துக்கு 98,800 என்று தாள் கொடுத்திருந்தார்கள். அம்மா அதே தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் 26ஆல் வகுத்தார். ஒரு நாளுக்கு 400, பதினைந்து நாளுக்கு 6,000, மொத்தம் 1,14,000. ஒரு எண்ணை மாற்றியதில் 15,200 ரூபாய். மாதச் சம்பளக்காரர்களுக்கு 26ஆல்தான் வகுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறதாம். நான் அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த தம்பி ஒருவர். ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று 2005 முதல் ஒரு திட்டம் இருப்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க மட்டும்தான் அது என்று நினைத்திருந்தோம். குறைந்தது இரண்டு வருடம் சந்தா கட்டியிருந்து ஆலை மூடி வேலை போனால், முதல் 12 மாதம் தினக்கூலியில் பாதி, அடுத்த 12 மாதம் கால்வாசி. எனக்கு நாளுக்குச் சுமார் 200 ரூபாய் வந்தது, பிறகு 100. பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் படி வாங்குகிற வரை மருத்துவமும் தொடரும் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, கோரிமேடு ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில்தான் இன்சுலின் வாங்கிக்கொண்டிருந்தோம். இரண்டு வருடம் அந்த வரிசையில் பழையபடியே நின்றோம். இடையில் வேறு வேலை கிடைத்தவர்கள் படியை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அதையும் அவரேதான் எழுதிக் கொடுத்தார்.

பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி, பற்றி எழுதினால் தனி மடல் ஆகிவிடும். ஆதாரில் என் பெயரில் ஒரு ‘ஹெச்’ கூடுதல், பிஎஃப்பில் அது இல்லை. இந்த ஒரு எழுத்துக்காக நான்கு மாதம். பிரவுசிங் சென்டர் பையன் ஒவ்வொரு முறையும் ஓடிபி வரும்வரை என் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான், ஸ்கேன் எடுத்ததற்கு மட்டும் காசு வாங்குவான். பத்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் பென்ஷன் பணத்தை எடுக்க முடியாது, 58 வயதில் மாதா மாதம் வரும், அந்தப் பென்ஷன் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள் அக்கா என்று லேமினேட் செய்தும் கொடுத்தான்.

பழைய சம்பளச் சீட்டுகளையும் வருகைப் பதிவு நகல்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவருக்கும் நன்றி. யார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும், எங்களுக்கும் தெரியும். சீட்டுப் பணம் இரண்டு தவணை தவறியும் வாசலுக்கு வராத அக்காவுக்கு நன்றி. எங்களிடம் ஃபீஸ் வாங்காத வக்கீல் பெண்ணுக்கு நன்றி. அவர்தான் சொன்னார், அமெரிக்காவில் இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கென்றே 1962இல் கொண்டுவந்த ஒரு தனித் திட்டம் இருந்ததாம், பயிற்சியும் படியும் தந்தார்களாம், 2022 ஜூலையோடு புது ஆட்களைச் சேர்ப்பதை அங்கேயும் நிறுத்திவிட்டார்களாம். நமக்கு அப்படி ஒரே கவரில் எதுவும் இல்லை. ஒரு துண்டு தொழிலாளர் துறையில், ஒன்று ஈஎஸ்ஐயில், ஒன்று பிஎஃப்பில். இவர்கள்தான் அவற்றை எங்களுக்குச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார்கள்.

ஒன்றை எழுதாமல் விட்டால் மனசு உறுத்தும். எங்கள் பக்கத்து மேசையில் சால்டரிங் செய்த 14 பெண்கள் காண்ட்ராக்டில் இருந்தவர்கள். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை, ஈஎஸ்ஐ எண்ணும் இல்லை. அவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை. நாங்கள் செக் வாங்கிய அன்றும் அவர்களில் இருவர் வந்திருந்தார்கள், எங்களுக்காகச் சந்தோஷப்பட. அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் 62 பேரும் வருவோம் என்று வக்கீலிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் மனுக்கள், நோட்டீஸ் நகல், அந்தப் பென்சில் கணக்கின் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி டீக்கடையில், பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். வேறு ஆலையிலிருந்து யாராவது வந்து கேட்டால் டீக்கடை அண்ணன் எடுத்துத் தருவார். நகல் எடுத்துக்கொண்டு திருப்பி வைத்துவிடுங்கள். போன மாதம் கொண்டுபோனவர்கள் இன்னும் தரவில்லை.

இப்படிக்கு,
வைண்டிங் பிரிவில் இருந்த ஒருத்தி,
62 பேர் சார்பாக