ரேடாரைப் பொருத்திவிட்டு அமைத்துக் கொடுக்காமல் போனது பற்றிய புகார்

தேவகோட்டை,
ஆகஸ்ட் 4.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: தொண்டியில் நிற்கும் எங்கள் விசைப்படகில் ரேடாரை முறையாக அமைத்துத் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் படகில் உங்கள் நிறுவனம் பொருத்திய ரேடார் இன்று வரை நம்பிப் பார்க்கிற நிலையில் இல்லை. கேபின் கூரையில் இருக்கும் மூடிய டோமுக்குள் ரேடார் ஆன்டெனா சுழல்கிறது, திரையில் படமும் வருகிறது. ஆனால் எதிரே கிடக்கிற படகை வேறு திசையில் காட்டுகிறது. பொருத்திய பிறகு கடலில் வைத்துச் செய்ய வேண்டிய எந்த வேலையையும் உங்கள் ஆள் செய்யாததுதான் காரணம். அந்த வேலைக்கும் சேர்த்துத்தான் பில்லில் நிறுவுதல் கட்டணம் என்று தனியாக வாங்கியிருக்கிறீர்கள். பில்லின் நகலை இணைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் படகு கரையில்தான் நிற்கும், அதற்குள் வேலையை முடித்துவிடுங்கள் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். உங்கள் ஆள் வந்தது தடை முடியப்போகிற கடைசி வாரத்தில். மதியத்துக்கு மேல் ஏறினார், இருட்டுவதற்குள் இறங்கிவிட்டார். கரையில் கட்டிய படகிலேயே ரேடாரைப் போட்டு, "படம் வருதுல்ல?" என்று கேட்டு, எங்கள் டிரைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். படகை ஒரு அடிகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

முதல் தடவை தொழிலுக்குப் போன இரவே டிரைவர் கண்டுகொண்டார். நேர் எதிரே நங்கூரம் போட்டுக் கிடந்த படகு, திரையில் படகின் நேர் முன்திசையைக் காட்டும் முன்னோக்குக் கோட்டுக்கு வலப்புறம் விலகித் தெரிந்தது. பிறகு பகலில் கண்ணுக்குத் தெரிகிற படகுகளை வைத்துப் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய 5 பாகை பிசகு. 5 பாகை சின்ன விஷயம் என்று தொலைபேசியில் உங்கள் அலுவலர் சொன்னார். 2 கடல் மைல் தூரத்தில் 5 பாகை என்றால் 300 மீட்டருக்கு மேல் இடம் மாறுகிறது. எங்கள் படகில் இருக்கும் 18 அங்குல டோமின் கதிரே சுமார் 5 பாகை அகலம். அதனால் பக்கம் பக்கமாகப் போகிற இரண்டு படகுகள் தூரத்தில் ஒன்றாகத்தான் தெரியும். அது அந்த அளவு டோமின் இயல்பு, அதைக் குறை சொல்லவில்லை. அதன்மேல் திசையும் பிசகினால் டிரைவர் எதை நம்பிச் சுக்கானைத் திருப்புவார்? டோமில் உள்ள முன்பக்கக் குறியை அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, நேராக வைத்து இறுக்க வேண்டும். மீதமிருக்கும் ஒன்றிரண்டு பாகையை, தூரத்தில் நேர் எதிரே ஒரு சின்ன இலக்கை வைத்துக்கொண்டு, மெனுவில் சரி செய்ய வேண்டும். நீங்கள் பெட்டியில் வைத்துக் கொடுத்த கையேட்டிலேயே இது இருக்கிறது.

தூரத்தின் கதையும் அதேதான். ஜெட்டியை ஒட்டி வரும்போது அதன் நேரான சுவர் திரையில் வில்லாக வளைந்து தெரிகிறது. ரேடார் அனுப்பும் துடிப்பு கிளம்பித் திரும்பும் நேரக் கணக்கைக் கேபிளின் நீளத்துக்கு ஏற்பத் திருத்தவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். ஒரு மைக்ரோ வினாடி தவறினால் 150 மீட்டர் தவறும். முகத்துவாரத்தில் இருட்டில் நுழைகிறவனுக்கு 150 மீட்டர் என்றால் என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். பேட்டரியிலிருந்து தனி வயரும் தனி ஃபியூஸும் போடாமல், கேபின் விளக்குக்குப் போகிற மெல்லிய வயரிலேயே இணைத்திருக்கிறார். தண்ணீர் இறைக்கும் பம்பைப் போட்டால் ரேடார் அணைந்துவிடுகிறது. எங்கள் ஊர் எலக்ட்ரீஷியனை அழைத்துப்போய் மீட்டர் வைத்துப் பார்த்தோம். பேட்டரி முனையில் 12.6 வோல்ட் இருக்கும்போது, ரேடார் முனையில் 11-க்கும் கீழே. அணைந்தால், கதிரை உண்டாக்கும் மேக்னட்ரான் மறுபடி சூடாகிக் கதிர் வீச ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மழை கொட்டும்போதுதான் பம்பும் ஓடும், ரேடாரும் வேண்டும்.

டோமை வைத்த இடமும் சரியில்லை. கேபின் கூரையில் விளக்குக் கம்பத்துக்கு நேர் பின்னால் தாழ்வாக வைத்ததால், முன்பக்கம் ஒரு பட்டை எப்போதும் நிழலாகவே இருக்கிறது. பின் தளத்தில் மேடையில் ஏறி மடிவலை இழுக்கிறவர்களின் முகமட்டத்தில் கதிர் போகிறது. ஜிபிஎஸ் ஆன்டெனாவும் அந்தக் கதிருக்குள்தான் நிற்கிறது. தனி ஸ்டாண்டு போட்டு ஆள் உயரத்துக்கு மேலே தூக்கியிருக்க வேண்டும். கூரைத் துளையில் தண்ணீர் கசிகிறது, திரையைத் திசைகாட்டிக்கு மிக அருகில் மாட்டியதால் முள் இழுபடுகிறது. இவற்றின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதிக் கேட்டபோது உங்கள் சேவைப் பிரிவிலிருந்து வந்த பதில்தான் மனதை மிகவும் வருத்தியது. பில்லில் இருக்கும் முகவரி தேவகோட்டை, அது கடற்கரை ஊர் இல்லை, அதனால் இருப்பிடச் சேவை கிடையாது, டோமைக் கழற்றிச் சென்னைக்குக் கூரியரில் அனுப்புங்கள் என்றார்கள். செட்டிநாட்டில் வீடு இருந்தால் கடலில் படகு இருக்கக் கூடாதா? திருவாடானை வழியாகப் போனால் தொண்டி எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். இந்தப் பக்கத்து வீடுகளில் நிற்கிற பர்மா தேக்குத் தூண்கள் அத்தனையும் கடல் வழியாக வந்தவை. அது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் பணிமனை மேசையில் டோமை வைத்தால் அதில் ஒரு குறையும் தெரியாது. அணியம் எந்தப் பக்கம், கம்பம் எங்கே, வயர் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் படகில்தான் இருக்கிறது. படகில் ஏறாமல் இதைச் சரிசெய்ய எவராலும் முடியாது.

பாக் நீரிணையில் இரவில் எங்கள் படகைச் சுற்றி நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கிடக்கும். பலவற்றில் சரியான விளக்கு இருக்காது. மரமும் ஃபைபரும் ரேடாருக்கு மங்கலாகத்தான் எதிரொலிக்கும். உங்கள் ஆள் அலை இரைச்சலை, அதாவது கடல் அலைகள் எதிரொலித்துத் திரையில் விழும் புள்ளிகளை, குறைக்கும் அளவை நிறைய ஏற்றிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரை பளிச்சென்று இருக்கிறது, ஆனால் அலையோடு சேர்ந்து பக்கத்தில் கிடக்கிற சின்னப் படகும் அழிந்துபோகிறது. அதில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்த உயிர்களை நினைத்துத்தான் கடன் வாங்கி இந்த ரேடாரை வாங்கினேன். இப்போது டிரைவர் அதை அணைத்துவிட்டு, முன்னால் ஒரு ஆளை நிறுத்தி டார்ச் அடித்துக்கொண்டு ஓட்டுகிறார்.

எனவே நான் கேட்பது இதுதான். கடலில் அமைக்கத் தெரிந்த ஒருவரைத் தொண்டிக்கு அனுப்புங்கள். டோமை இடம் மாற்றி, பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, டிரைவரோடு கடலுக்குள் போய்த் திசையையும் தூரத்தையும் திருத்த வேண்டும். அலை இரைச்சல், மழை இரைச்சல், எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயின் மூன்றின் அளவையும் எப்போது ஏற்ற வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று அவருக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு என்னென்ன அளவு வைத்தார் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இதற்கு மேலும் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் இது முடிந்தாக வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் ஆள் வரும் தேதியை எழுத்தில் தெரிவிக்கவில்லை என்றால், சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இந்த ஒரு படகுதான் எங்கள் பிழைப்பு. நிறுவுதல் கட்டணம், எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் அங்கே கேட்பேன்.

வருகிறவர் முதல் நாளே சொல்லிவிட்டால் அன்று படகைத் தொழிலுக்கு அனுப்பாமல் ஜெட்டியில் நிறுத்திவைக்கிறேன். டிரைவரும் நானும் அங்கேயே இருப்போம்.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர்,
தேவகோட்டை.